பத்து நாள், ஏழு ஊர், ஒரு முழங்கால்

கேள்வி: நான் கும்பகோணம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வரும் மே விடுமுறையில் முதல்முறையாக வெளிநாடு போகிறோம். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு மகன், 71 வயது மாமியார் என ஐந்து பேர். கையில் பத்து நாள். கோலாலம்பூர், கெந்திங், மலாக்கா, பினாங்கு, லங்காவி, சிங்கப்பூர், முடிந்தால் பாலி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எல்லாத்தையும் பாத்துட்டு வந்துடணும்" என்கிறார் கணவர். மகனுக்கு யூனிவர்சல் ஸ்டுடியோஸ், மகளுக்குப் பினாங்கின் சுவரோவியங்கள், மாமியாருக்குப் பத்துமலை முருகன். எதை எந்த வரிசையில் வைப்பது? மாமியார் சுத்த சைவம், அவருக்கு முழங்கால் வலியும் உண்டு.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஏழு ஊரை வரிசையாக எழுதிவிட்டு முழங்காலைக் கடைசி வரியில் வைத்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஐந்து பேர் சேர்ந்து போனால், யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் நடைதான் எல்லோருக்கும் நடை. இதை வீட்டிலேயே ஒப்புக்கொண்டு கிளம்பினால் சண்டை இல்லை. அங்கே போய் உணர்ந்தால், மூன்றாம் நாள் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பெரும்பாலும் அது உங்கள் மகனாக இருக்கும்.

உங்கள் கணவரின் கணக்கை அவர் வழியிலேயே போட்டுப் பார்ப்போம். ஊர் மாறும் நாளில் என்ன நடக்கும்? ஐந்து பேர் குளித்து, பெட்டி கட்டி, அறையைக் காலி செய்வதற்குள் மணி பத்து. அப்புறம் விமான நிலையமோ ரயில் நிலையமோ. அங்கே காத்திருப்பு, பயணம், இறங்கி வண்டி பிடித்து அடுத்த ஹோட்டல். அறைச் சாவி பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான் கிடைக்கும். குறைந்தது அரை நாள் போய்விடும். ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம், ஆறு அரை நாள், ஆக மூன்று நாள். பத்து நாளுக்குக் காசு கட்டிவிட்டு மூன்று நாளைப் பெட்டி மேல் உட்கார்ந்து கழிப்பதைச் சிக்கனம் என்று அவர் சொல்லமாட்டார்.

நான் திருச்சியில் இந்தப் பயண ஏற்பாட்டுத் தொழிலுக்கு வந்த புதிதில், எட்டு நாளில் ஆறு ஊர் என்று ஒரு குழுவை அனுப்பி வைத்தேன். பெருமையாகத்தான் அனுப்பினேன். திரும்பி வந்த பெரியவர் ஒருவர் படங்களைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பி, "தம்பி, இது எந்த ஊரு?" என்று என்னையே கேட்டார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஊர்க் கணக்கைக் கேட்பதில்லை, எத்தனை ராத்திரி என்றுதான் கேட்கிறேன்.

உங்களுக்கு இருப்பது ஒன்பது ராத்திரி. ஓர் ஊருக்கு மூன்றுக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்று வைத்தால் மூன்று ஊர். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர். மூன்றுக்கும் மும்மூன்று ராத்திரி. பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் இது சமம் இல்லை. கோலாலம்பூரின் முதல் நாள் தூக்கத்தில் போகும் நாள், சிங்கப்பூரின் மூன்று ராத்திரியும் செலவில் கனமானவை.

வெட்டிய நாலுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். பாலி இன்னொரு நாடு, இன்னொரு விசா, சிங்கப்பூரிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் விமானம். அதைத் தனியாக ஒரு பயணமாக வையுங்கள். லங்காவி கடற்கரைத் தீவு. சும்மா கிடக்கத் தெரிந்தவர்களுக்கு அது அருமையான இடம், உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. கெந்திங் மலைக்குக் கோலாலம்பூரிலிருந்தே போய் வரலாம். ஆனால் மகனுக்கு யூனிவர்சல் இருக்கும்போது இன்னொரு விளையாட்டுப் பூங்கா எதற்கு? மலாக்காவை வெட்டும்போது மட்டும் எனக்கே மனம் வரவில்லை. மலாக்கா செட்டிகள் என்று, தமிழர் வழிவந்த ஒரு சமூகம் அங்கே உண்டு. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. 1781-இல் எழுந்த அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில், ஒரு மசூதியும் சீனக் கோயிலும் இருக்கிற அதே தெருவில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். போக இரண்டு, வர இரண்டு என்றால் மாமியாரின் முழங்கால் கேட்காது. கோலாலம்பூரின் மூன்றாம் நாள் நீங்களும் மகளும் மட்டும் போய் வருவதானால் எனக்குச் சம்மதம்.

இப்போது வழி. போகும்போது திருச்சியிலிருந்து கோலாலம்பூர், வரும்போது சிங்கப்பூரிலிருந்து திருச்சி. இரண்டுக்குமே திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு, சென்னைக்கு அலைய வேண்டாம். போன ஊருக்கே திரும்பி வந்துதான் விமானம் ஏற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மலிவு விமான நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் விலை வைக்கின்றன, எனவே இப்படி எடுப்பதில் நஷ்டம் இல்லை. நடுவில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ரயில், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். ஒரே ஊருக்கு இரண்டாம் முறை திரும்பி வராத பாதை இது.

பினாங்கை முதலில் முடித்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பேருந்தில் போனால் காசு மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். மிச்சம்தான். ஆனால் ஜொகூரில் ஒருமுறை இறங்கி மலேசியக் குடிநுழைவு, பாலம் தாண்டி இன்னொருமுறை பெட்டியோடு இறங்கிச் சிங்கப்பூர்ச் சோதனை. விடுமுறை நாளில் அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. பினாங்கிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரம். மாமியாருக்காக இந்த ஒரு செலவைச் செய்யுங்கள்.

கிளம்பும் கிழமை முக்கியம். செவ்வாய் இரவு விமானம் ஏறி புதன் காலை இறங்குவது போல எடுங்கள். திருச்சியிலிருந்து இரவில் கிளம்பி விடியலில் இறக்கிவிடும் விமானங்கள் உண்டு. விலை குறைவு என்று எடுப்போம், அங்கே போய் ஆறு மணிக்கு ஹோட்டல் வரவேற்பறையில் ஐந்து பேரும் தூங்கி வழிவோம், அறை மதியம்தான். ஆகவே செவ்வாய் இரவுக்கும் ஒரு அறையைப் பதிவு செய்து, விடியலில்தான் வருவோம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வீண் செலவு போலத் தெரியும். 71 வயதுக்காரர் நேராகப் போய்ப் படுப்பதற்கான விலை அது. நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் வேறு.

தங்குவதற்குப் பிரிக்ஃபீல்ட்ஸ். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய நம் ஆட்கள் பகுதி. தெருவில் இறங்கினால் இட்லி கிடைக்கும், "பசியாறியாச்சா?" என்று தமிழில் கேட்பார்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு அதிவேக ரயில் இருக்கிறது, ஆனால் ஐந்து பேருக்கு கிராப் செயலியில் அழைக்கும் ஆறு இருக்கை வாடகை வண்டிதான் கட்டும். அன்று மாலை காலாற நடப்பதோடு சரி.

வியாழன் காலை ஏழு மணிக்குப் பத்துமலை. ஏழு என்றால் ஏழுதான். ஒன்பதுக்கு மேல் வெயில், அதன் பிறகு சுற்றுலாப் பேருந்துகள். அடிவாரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே குகைக்கு 272 படி. மாமியார் ஏறுவாரா என்பதை நீங்கள் கும்பகோணத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பழனிக்குப் போனால் விஞ்சில் போகிறவரா, படியில் போகிறவரா? படியில் என்றால், நின்று நின்று முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடுவார், அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கெடுதல், அப்போது மகன் கைகொடுக்கட்டும். விஞ்ச் என்றால், அடிவாரத்திலேயே சந்நிதிகள் இருக்கின்றன, ஒருவர் அவரோடு உட்காரட்டும். கையில் தேங்காய் பழப் பையை ஆட்டிக்கொண்டு ஏற வேண்டாம், குரங்குகள் அதற்காகவே காத்திருக்கும். "தைப்பூசத்துக்குப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று வீட்டில் பேச்சு வரும். பத்து லட்சம் பேர் கூடும் நாள் அது. மே மாத வியாழக்கிழமை முருகனும் அதே முருகன்தான்.

பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இது மூன்று ஊருக்கும் பொருந்தும். அந்தப் பக்கம் வருஷம் பூராவும் வெக்கை, மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை அடிக்கடி வரும். வெளியில் பார்க்க வேண்டியதைக் காலையில் பாருங்கள், மதியம் படுங்கள், ஐந்து மணிக்கு மறுபடி கிளம்புங்கள். நம் ஊர் விவசாயி சித்திரையில் செய்வதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 452 மீட்டர், 88 மாடி. மேலே போவதற்கு நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே எடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் நிறுத்தி வைப்பார்கள், எனவே காலை நேரம். மாமியாருக்கு இது தேவையே இல்லை. அவரும் துணைக்கு ஒருவரும் அறையில் இருக்கலாம். எல்லோரும் எல்லா இடத்துக்கும் போயே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஒரு நாளாவது பிரிந்து சுற்றிவிட்டு இரவில் ஒருவருக்கொருவர் கதை சொல்லும் குடும்பங்கள்தான் என்னிடம் மறுபடி வருகின்றன.

சனிக்கிழமை பினாங்கு ரயில். இ.டி.எஸ். என்று பெயர், சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரம் சொச்சம். வார இறுதி என்பதால் சில வாரம் முன்பே மலேசிய ரயில்வேயின் தளத்தில் பதிவு செய்யுங்கள். இறங்கியதும் பக்கத்திலேயே படகுத்துறை. கால் மணி நேரப் படகில் பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுன். விமானத்தில் போயிருந்தால் இந்தப் படகு கிடைத்திருக்காது.

ஞாயிறு முழுக்க மகளுடையது. ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகள் ஓவியம் இருக்கிறதே, அதை 2012-இல் வரைந்தவர் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற லித்துவேனியக்காரர். நிஜ சைக்கிளைச் சுவரோடு சேர்த்துவைத்திருப்பார். எட்டு மணிக்கு முன் போனால் வரிசையில் நிற்காமல் படம் எடுக்கலாம். அப்படியே நடந்தால் குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில், சுற்றிலும் குட்டி இந்தியா. சைவம் அல்லாதவர்களுக்கு நாசி கண்டார். சோற்றையும் குழம்பையும் காவடி மாதிரி தோளில் கட்டித் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்கள் கொடுத்த சாப்பாடு அது. திங்கட்கிழமை காலை பினாங்கு மலை. இழுவை ரயில் இருப்பதால் மாமியாருக்கும் கஷ்டமில்லை. அன்று மதியத்துக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள். ஆறு நாள் ஓடிய பிறகு துணி துவைக்கவும் தலைவலிக்கவும் ஒரு மதியம் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே "காய்கறிதான்" என்று சொல்லிக் கொடுக்கும் கீரைப் பொரியலில் பெலாச்சான் இருக்கலாம், அது காய்ந்த இறால் விழுது. சமைப்பவர் கணக்கில் அது உப்பு மாதிரி, ஏமாற்று இல்லை. நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு ஊற்றும் குழம்பும் மீனாக இருக்கலாம். எனவே "மீன், இறால், முட்டை எதுவும் இல்லாமலா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.

செவ்வாய் சிங்கப்பூர். தங்குவது சிராங்கூன் சாலைப் பக்கம். அங்கே அறைகள் சின்னவை, ஐந்து பேருக்கு இரண்டு அறை கட்டாயம். பதிவில் மூன்று பேர் என்று போட்டுவிட்டு நாலாவதாக ஒருவரை உள்ளே விடும் நம்மூர் சாமர்த்தியம் செல்லாது. அன்று மாலை கார்டன்ஸ் பை த பே, ராட்சத மரங்களின் ஒளிக்காட்சி 7.45-க்கும் 8.45-க்கும். இலவசம், தரையில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். புதன் யூனிவர்சல், வார நாளாக விழும்படிதான் இத்தனையும் கணக்குப் போட்டேன். கணவரும் பிள்ளைகளும் போகட்டும். நீங்களும் மாமியாரும் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, பிறகு 1827-இல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் என்று உங்கள் நடையில் போங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழி, பெயர்ப்பலகையைத் தமிழில் படித்ததும் மாமியாரின் முகம் மாறும். வியாழன் காலை மிருகக்காட்சிசாலை அல்லது தாவரவியல் பூங்கா, மகன் விருப்பம். மாலை முஸ்தபா என்ற பெரிய கடை. அங்கே கணவரை உள்ளே விடும்போது திரும்பி வரும் நேரத்தையும் பெட்டி எடையையும் சொல்லி அனுப்புங்கள். வெள்ளி திரும்புதல். சாங்கி விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருந்தால், 40 மீட்டர் உள்ளரங்க அருவியையும் பார்த்துவிடலாம்.

காகித வேலைகள். நீங்கள் அரசு ஊழியர், விடுமுறையில்தானே போகிறேன் என்று இருந்துவிடாதீர்கள், வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் நமக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறது. காலக்கெடு வைத்து நீட்டித்துவரும் சலுகை அது, டிக்கெட்டுக்கு முன் ஒருமுறை பாருங்கள். சிங்கப்பூருக்கு விசா உண்டு, அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக, பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள். அதுவரை ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு மட்டும் பதிவு செய்யுங்கள். இரண்டு நாடுகளுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். காசு கேட்டால் அது போலித் தளம், மூடிவிடுங்கள். மலேசியாவில் திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள். உங்களுடையது சிங்கப்பூரிலிருந்து என்பதால் எல்லா டிக்கெட்டையும் அச்சடித்துக் கையில் வையுங்கள்.

மாமியாருக்கு டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேளுங்கள். நடக்க முடிகிறவர்தான், ஆனால் விமான நிலைய நடைபாதைகள் நீளம். மருத்துவக் காப்பீட்டில் அவருடைய ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை இருந்தால் சிங்கப்பூர் விதியைப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்று, அவர் அரைத்துக் கொடுக்கும் பொடிகளில் கசகசா இருக்கிறதா? சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்பின் கீழ் தடை. வெற்றிலையோடு போடும் புகையிலையும், மகனின் சூயிங்கமும்கூட அங்கே கொண்டுபோகத் தடைதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும், மூன்று சதுர முள் அடாப்டர் ஒன்றும் போதும், ஐந்து ஃபோனும் சார்ஜ் ஆகிவிடும்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மாமியார் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம், டிக்கெட் படிவமோ அதைக் காலியாக விடாது. சிலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் கணவர் பெயரைப் போடுவார்கள், விமான நிலையத்தில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இரண்டு ஆட்களாகிவிடும். பல நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களுக்கு மூன்று விமானம், ஒவ்வொன்றின் விதியையும் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே இந்த வாரம் இரண்டே வேலை. பள்ளியில் அனுமதிக் கடிதத்தைக் கொடுங்கள். ஐந்து பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்துவைத்து, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். மாமியாருடையதில் சந்தேகம் இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் எனக்கு எழுதுங்கள்.